அச்சு வரிசையில் சிக்கிய ஆவணத்தை அகற்றுவது எப்படி?

அச்சுப்பொறி வேலை செய்யாத நாள், பெரும்பாலும் அது மிகவும் தேவைப்படும் நாளாகவே இருக்கிறது. ஒப்படை கையளிக்கும் கடைசி நாள், பரீட்சை அனுமதி அட்டை எடுக்க வேண்டிய நாள், விண்ணப்பப் படிவத்தைப் பதிவுத் தபாலில் சேர்க்க வேண்டிய நாள். கணினியில் அச்சிடும் பொத்தானை அழுத்துகிறோம். அச்சுப்பொறியின் பச்சை விளக்கு எரிகிறது, தாள் வரவில்லை. இன்னொரு முறை அழுத்துகிறோம். பிறகு மூன்றாம் முறை, நான்காம் முறை. கடைசியில் கணினியையே நிறுத்தி மீண்டும் இயக்குகிறோம். அப்போதும் தாள் வரவில்லை. அந்த ஆவணத்தை நீக்கிவிடலாம் என்று நீக்கினால், 'நீக்கப்படுகிறது' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் மட்டும் திரையில் மணிக்கணக்காக நிற்கிறது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கப் புதிய அச்சுப்பொறி தேவையில்லை. பழுதுபார்ப்பவரை அழைக்கவும் வேண்டியதில்லை. கட்டளை வரி என்று சொல்லப்படும் கறுப்புத் திரையில் இரண்டு மூன்று வரிகள் தட்டினால் போதும். ஆனால் அந்த வரிகளைத் தட்டுவதற்கு முன்னர், எதை நீக்குகிறோம், அது யாருடையது என்பதை அறிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தகவல் தொழினுட்பம் படிக்கும் தோழியருக்கு மட்டுமன்றி, வீட்டில் அச்சுப்பொறி வைத்திருக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும்.

வரிசை என்பது என்ன?

ஓர்ஸ் ஹில்லில் இருந்து துறைமுகத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அச்சு வரிசையை விளக்குவது எளிது. சீனக்குடாவில் உள்ள கோதுமை மா ஆலையின் இறங்குதுறைக்கு ஒரு கப்பல் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சரக்கை இறக்கி முடிக்கும்வரை, அதே துறைக்கு வரும் அடுத்த கப்பல் நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டும். துறையில் நிற்கும் கப்பலின் இயந்திரம் பழுதாகிவிட்டால், பின்னால் நிற்கும் கப்பல்கள் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் உள்ளே வர முடியாது. அச்சுப்பொறிதான் இந்த இறங்குதுறை. நாம் அனுப்பும் ஒவ்வோர் ஆவணமும் ஒரு கப்பல். கணினியின் மொழியில் அதை ஒரு 'வேலை' என்கிறார்கள்.

எங்கள் பாடநூலில் வரிசை என்ற தரவுக் கட்டமைப்பைப் படிக்கும்போது, 'முதலில் வந்தது முதலில் வெளியேறும்' என்று மனனம் செய்கிறோம். அதற்கு மிகப் பொருத்தமான உதாரணம் அச்சு வரிசையே. முதலில் உள்ளது வெளியேறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதுவே உதாரணம்.

வரிசை ஏன் தேவைப்பட்டது? கணினி மிக வேகமானது. அச்சுப்பொறி மிக மெதுவானது. ஒரு பக்கத்தைத் தயாரிக்கக் கணினிக்கு ஒரு செக்கனின் சிறு பகுதி போதும். அதைத் தாளில் பதிக்க அச்சுப்பொறிக்குப் பல செக்கன்கள் வேண்டும். அச்சு முடியும்வரை கணினி கைகட்டி நிற்பது பெரிய வீண்விரயம். 1962ஆம் ஆண்டு டிசம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடக்கி வைக்கப்பட்ட அட்லஸ் கணினி, விடைகளை முதலில் காந்த நாடாவில் எழுதிவைத்துவிட்டு அடுத்த கணக்கைச் செய்யத் தொடங்கியது. மெதுவான அச்சியந்திரம் தன் வேகத்தில் நாடாவைப் படித்து அச்சிட்டது. இன்று நாடாவுக்குப் பதிலாக வன்தட்டு இருக்கிறது. இந்தச் சேமித்துவைக்கும் வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு 'ஸ்பூலர்' என்று பெயர். ஸ்பூல் என்றால் தையல் இயந்திரத்தில் நூல் சுற்றிவைக்கும் கட்டை. நூல் தேவைப்படும்போது கட்டையிலிருந்து அவிழ்வதுபோல, ஆவணமும் தன் முறை வரும்போது அச்சுப்பொறிக்குப் போகிறது.

ஏன் சிக்குகிறது?

அச்சிடும்போது நடுவில் மின்சாரம் நின்றுபோவது, இணைப்பு வடம் கழன்றுவிடுவது, தாள் தீர்ந்துபோவது, அச்சுப்பொறிக்குப் பொருந்தாத இயக்கி மென்பொருள், ஆவணத்தில் உள்ள பழுதான எழுத்துரு அல்லது மிகப் பெரிய படம் என்று காரணங்கள் பல. எதுவாக இருந்தாலும் நடப்பது ஒன்றுதான். ஸ்பூலர் முதலாவது வேலையின் கோப்பைத் திறந்து பாதியை அனுப்பிவிட்டு, அச்சுப்பொறியின் பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வரவில்லை. கோப்பு திறந்தபடியே இருக்கிறது. திறந்திருக்கும் கோப்பை நாம் நீக்கச் சொன்னால், ஸ்பூலர் அதை விட்ட பிறகே நீக்க முடியும். அதனால்தான் 'நீக்கப்படுகிறது' என்ற சொல் அசையாமல் நிற்கிறது.

கணினியை நிறுத்தி இயக்கினாலும் சரியாகாமல் போவதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. வரிசை தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருந்தால், மின்சாரத்தை நிறுத்தியதும் அழிந்துவிடும். ஆனால் அது வன்தட்டில் கோப்பாக இருக்கிறது. கணினி மறுபடி எழும்போது ஸ்பூலரும் எழுந்து, அதே கோப்பை எடுத்து, அதே அச்சுப்பொறிக்கு அனுப்ப முயல்கிறது.

நாம் பொறுமையிழந்து ஐந்து தடவை அழுத்தியிருந்தால், ஐந்து வேலைகளும் வரிசையில் நிற்கும். அடைப்பு நீங்கியவுடன் ஒரே ஆவணம் ஐந்து பிரதிகளாக வந்து விழும். ஆகவே தாள் வராதபோது முதலில் செய்ய வேண்டியது, மறுபடி அழுத்தாமல் இருப்பதுதான்.

காத்திருப்பவருக்கு யார் சொல்வது?

அச்சு வரிசையின் பெரிய குறை அதன் மௌனம். இந்த மௌனம் ஓர் உலகளாவிய இயக்கத்துக்கே ஒரு காரணமானது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடம் ஒன்று இருந்தது. அங்கு பலர் ஒரே அச்சுப்பொறியைப் பகிர்ந்துகொண்டனர். அச்சுப்பொறி வேறு மாடியில் இருந்தபடியால், தாள் சிக்கியதைத் தங்கள் இருக்கையிலிருந்து யாரும் அறிய முடியவில்லை. அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் பழைய அச்சுப்பொறியின் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்திருந்தார். அச்சு சிக்கினால், வரிசையில் காத்திருக்கும் அனைவருக்கும் கணினி வழியாகச் செய்தி போகும். யாராவது ஒருவர் எழுந்துபோய்ச் சரிசெய்துவிடுவார்.

1980ஆம் ஆண்டளவில் அந்த ஆய்வுகூடத்துக்கு ஸெரொக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதற்கும் அதே வசதியைச் செய்ய ஸ்டால்மன் விரும்பினார். ஆனால் அதன் மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு அதைப் படிக்கவும் திருத்தவும் உரிமை வேண்டும் என்ற அவரது எண்ணத்தை இந்த அனுபவம் வலுப்படுத்தியது. 1983 செப்டெம்பரில் அவர் அறிவித்த குனூ திட்டம், இன்று நாம் இலவசமாகப் பயன்படுத்தும் லினக்ஸ் முறைமைகளுக்கு ஓர் அடித்தளமாக உள்ளது. அவர் முதலில் செய்தது எந்த ஆவணத்தையும் நீக்கும் வேலையல்ல என்பதைக் கவனியுங்கள். வரிசையில் என்ன நடக்கிறது என்பதைக் காத்திருப்போருக்குத் தெரியப்படுத்தினார். நாமும் அந்த ஒழுங்கிலேயே போவோம்.

முதலில் பாருங்கள்

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே தட்ட வேண்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, முடிவில் 'என்டர்' விசையை அழுத்த வேண்டும்.

வின்டோஸ் கணினியில் தொடக்கப் பட்டியலில் 'பவர்ஷெல்' என்று தேடித் திறவுங்கள். 'கெட்-பிரிண்டர்' என்று தட்டினால், அந்தக் கணினி அறிந்த எல்லா அச்சுப்பொறிகளின் பெயர்களும் வரும். பிறகு 'கெட்-பிரிண்ட்ஜொப்' என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோட்டுடன் 'பிரிண்டர்நேம்' என்று சேர்த்து, அச்சுப்பொறியின் பெயரை மேற்கோள் குறிக்குள் தாருங்கள். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு வேலைக்கும் உரிய இலக்கம், ஆவணத்தின் பெயர், அனுப்பிய நேரம், இப்போதைய நிலை ஆகியவை அட்டவணையாக வரும்.

லினக்ஸ் கணினியிலும் அப்பிள் மெக் கணினியிலும் 'டேர்மினல்' என்ற திரையைத் திறந்து 'எல்பிஸ்டெட்' என்ற கட்டளையைத் தட்ட வேண்டும். எல், பி, எஸ், ரீ, ஏ, ரீ என்பன அதன் ஆறு எழுத்துகள். அதன்பின் இடைவெளி விட்டு, சிறுகோட்டுடன் 'ஓ' எழுத்தைச் சேருங்கள். 'லெப்' என்று பெயரிட்ட அச்சுப்பொறியில் பன்னிரண்டாவது வேலை நின்றால், 'லெப்-12' என்று வரியின் தொடக்கத்தில் தெரியும். அதே வரியில் அதை அனுப்பியவரின் பயனர் பெயரும், கோப்பின் அளவும், நேரமும் இருக்கும்.

இந்தப் பட்டியலைப் படித்தாலே பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். பெரும்பாலும் முதலாவது வேலை மட்டும்தான் சிக்கியிருக்கும். பின்னால் உள்ளவை எந்தக் குறையும் இல்லாமல் முறைக்காகக் காத்திருப்பவை.

ஒன்றை மட்டும் நீக்குதல்

சிக்கிய வேலையின் இலக்கம் 7 என்று வைத்துக்கொள்வோம். பவர்ஷெல்லில் 'ரிமூவ்-பிரிண்ட்ஜொப்' என்று தட்டி, முன்போலவே அச்சுப்பொறியின் பெயரைத் தந்து, இறுதியில் சிறுகோட்டுடன் 'ஐடி' என்றும் இடைவெளி விட்டு 7 என்றும் சேர்த்தால், அந்த வேலை மட்டும் நீங்கும்.

லினக்ஸிலும் மெக்கிலும் 'கான்சல்' என்று தட்டி, இடைவெளி விட்டு, 'லெப்-12' என்று வேலையின் பெயரைத் தந்தால் போதும். இதையே செய்யும் இன்னொரு கட்டளை எல், பி, ஆர், எம் என்ற நான்கு எழுத்துகளால் ஆனது. அதன்பின் வேலையின் இலக்கத்தை மட்டும் தர வேண்டும். ஒரே வேலைக்கு ஏன் இரண்டு கட்டளைகள்? பழைய யூனிக்ஸ் முறைமை இரண்டு கிளைகளாக வளர்ந்தது. நான்கெழுத்துக் கட்டளை பெர்க்லி பல்கலைக்கழகக் கிளையிலிருந்தும், 'கான்சல்' மற்றக் கிளையிலிருந்தும் வந்தன. 1999இல் வெளிவந்த 'கப்ஸ்' என்ற அச்சு மென்பொருள் இரண்டு கிளைகளின் கட்டளைகளையும் ஏற்றுக்கொண்டது. 2002இல் அப்பிள் நிறுவனமும் தன் மெக் கணினிகளுக்கு அதையே எடுத்துக்கொண்டது. ஆகவே லினக்ஸில் கற்றதை மெக்கிலும் அப்படியே செய்யலாம்.

நீக்கிய பிறகும் அச்சு வராவிட்டால், லினக்ஸில் வரிசையே நிறுத்திவைக்கப்பட்டிருக்கலாம். 'கப்ஸ்எனேபிள்' என்று ஒரே சொல்லாகத் தட்டி, அச்சுப்பொறியின் பெயரைத் தந்தால் அது மீண்டும் ஓடத் தொடங்கும். எந்த முறைமையாக இருந்தாலும் அச்சுப்பொறியின் சொந்த நினைவகத்தில் பாதிப் பக்கம் தங்கியிருக்கக்கூடும். அச்சுப்பொறியின் ஆளியை நிறுத்தி, சிறிது நேரம் பொறுத்து, மீண்டும் போடுங்கள்.

முழு வரிசையையும் வெறுமையாக்குதல்

வின்டோஸில் சில வேளைகளில் ஒன்றை மட்டும் நீக்கும் கட்டளைக்கும் ஸ்பூலர் அசையாது. அப்போது மூன்று படிகள் உண்டு.

முதலாவது, தொடக்கப் பட்டியலில் 'சிஎம்டி' என்று தேடி, வலது பக்கச் சொடுக்கில் நிர்வாகியாக இயக்கும் தெரிவைத் தெரிவுசெய்து, கறுப்புத் திரையைத் திறக்க வேண்டும். அதில் 'நெட் ஸ்டொப் ஸ்பூலர்' என்று தட்டுங்கள். ஸ்பூலர் நின்றவுடன், திறந்தபடி பிடித்திருந்த கோப்பை அது விட்டுவிடுகிறது.

இரண்டாவது, கோப்புகளை அகற்ற வேண்டும். அவை சி வட்டில் 'வின்டோஸ்' கோப்புறைக்குள் 'சிஸ்டம்32', அதற்குள் 'ஸ்பூல்', அதற்குள் 'பிரிண்டர்ஸ்' என்ற கோப்புறையில் உள்ளன. ஒவ்வொரு வேலைக்கும் அங்கே இரண்டு கோப்புகள் இருக்கும். எஸ்பிஎல் என்று முடிவது ஆவணத்தின் உள்ளடக்கம். எஸ்எச்டி என்று முடிவது யார் அனுப்பினார், எப்படி அச்சிட வேண்டும் என்ற விவரம். 'டெல்' என்ற கட்டளையுடன் இந்தப் பாதையை முழுமையாகத் தந்து, இறுதியில் நட்சத்திரக் குறியை இட்டால் அங்குள்ள எல்லாக் கோப்புகளும் அழியும். நட்சத்திரக் குறிக்கு 'எல்லாம்' என்று பொருள். பாதையில் ஒரு சொல் தவறினால் வேறொரு கோப்புறையில் உள்ள எல்லாமும் அழியக்கூடும். கட்டளை வரியில் குப்பைத்தொட்டி இல்லை, போனது போனதுதான். ஆகவே என்டர் விசையை அழுத்துவதற்கு முன் பாதையை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள்.

மூன்றாவது, 'நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்' என்று தட்டி ஸ்பூலரை மறுபடி தொடக்க வேண்டும். இதை மறந்தால் அந்தக் கணினியிலிருந்து எதையும் அச்சிட முடியாது.

லினக்ஸிலும் மெக்கிலும் 'கான்சல்' என்று தட்டி, சிறுகோட்டுடன் 'ஏ' எழுத்தைச் சேர்த்து, அச்சுப்பொறியின் பெயரைத் தந்தால், அந்த அச்சுப்பொறியின் வேலைகள் முழுவதும் நீங்கும்.

இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். லினக்ஸ் கட்டளை நாம் பெயர் சொன்ன அச்சுப்பொறியை மட்டும் தொடுகிறது. வின்டோஸின் மூன்று படிகள், அந்தக் கணினியுடன் இணைந்த எல்லா அச்சுப்பொறிகளின் வரிசைகளையும் வெறுமையாக்கிவிடும்.

யாருடைய வேலை?

பொதுவாக லினக்ஸும் வின்டோஸும் ஒரு விதியைக் கடைப்பிடிக்கின்றன. தான் அனுப்பிய வேலையைத் தானே நீக்கலாம். மற்றவர் அனுப்பியதை நிர்வாகி மட்டுமே நீக்கலாம். ஆனால் பாடசாலைக் கணினி அறையிலும் தொடர்பாடல் நிலையங்களிலும் எல்லோரும் ஒரே பயனர் பெயரில் நுழைவதால், அந்த விதி அங்கே நம்மைக் காப்பதில்லை. ஓர் அக்காவின் பல்கலைக்கழக விண்ணப்பமும் ஒரு தங்கையின் விளையாட்டுப் போட்டிச் சான்றிதழும் அடுத்தடுத்து நிற்கலாம். கணினி தடுக்காததை நம்முடைய அமானிதம்தான் தடுக்க வேண்டும். முழு வரிசையையும் அழிப்பதற்கு முன் அறையில் இருப்போரிடம் "வேறு யாராவது அச்சுக்குக் கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

அச்சாகாத ஒரு தாள் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு நம் நாட்டையும் தொட்டுச் சென்ற ஒரு நிகழ்வு சான்று. 2016 பெப்ரவரி முதல் வாரத்தில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், நியூயோர்க்கில் இருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரை மாற்றும்படி 35 கட்டளைகளை அனுப்பினர். பணப் பரிமாற்றம் நடந்தால் அதை உறுதிப்படுத்தும் செய்தி டாக்காவில் உள்ள வங்கியின் அச்சுப்பொறியில் தானாகவே அச்சாகும். ஊடுருவியவர்களின் மென்பொருள் அந்த அச்சைத் தடுத்துவிட்டது. காலையில் வந்த அலுவலர்கள் அச்சுப்பொறியின் தட்டு வெறுமையாக இருப்பதைக் கண்டு, வழமையான ஒரு பழுது என்றே நினைத்தனர். அச்சு மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, நியூயோர்க்கிலிருந்து வந்து தேங்கியிருந்த கேள்விகள் தாளில் வெளிவந்தன. அதற்குள் 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கை வங்கியொன்றுக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியன் டொலர் மட்டும் காப்பாற்றப்பட்டது. பெறுநரின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல் எழுத்துப்பிழையுடன் இருந்ததே சந்தேகத்தை எழுப்பியது.

அந்த வங்கியில் அச்சுத் தாள் ஒரு சாட்சியாக இருந்தது. சாட்சி வராதபோது ஏன் வரவில்லை என்று உடனே விசாரிக்க வேண்டும். நம் பாடசாலையின் வரிசையில் கோடிக்கணக்கான பணம் இல்லை. ஆனாலும் அங்கே நிற்பது யாரோ ஒருவரின் கடைசி நாளாக இருக்கலாம்.

ஸ்பூலரைப் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. அது கணினிக்குள் மிக உயர்ந்த அதிகாரத்துடன் இயங்கும் மென்பொருள். 2021 நடுப்பகுதியில் வின்டோஸ் ஸ்பூலரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, திருத்தம் வரும்வரை ஸ்பூலரை நிறுத்திவைப்பதை மைக்ரோசொஃப்ட் ஒரு தற்காலிக வழியாகக் கூறியது. அவ்வாண்டு ஜூலையில் திருத்தமும் வெளியானது. எனவே வீட்டுக் கணினி கேட்கும் புதுப்பித்தல்களைத் தள்ளிப்போடாதீர்கள். நிர்வாகிக் கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

தாளின் விலை

2022 மார்ச் மாதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலங்கள் வரை நீண்டது. தாள் இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. வினாத்தாள் அச்சிடத் தாள் இல்லாத நாடாக இருந்தோம். இன்று தாள் கிடைக்கிறது. ஆனால் விலை இறங்கிவிடவில்லை என்பதைக் கொப்பி வாங்கித் தரும் பெற்றோர் அறிவர். பொறுமையின்றி ஐந்து முறை அழுத்தி வரும் நான்கு வீண் பிரதிகளை, வரிசையைப் பார்த்து நான்கு வேலைகளை நீக்கும் ஒரு நிமிடத்தால் தவிர்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், தாள் வராவிட்டால் மறுபடி அழுத்தாதீர்கள். அச்சுப்பொறியில் தாளும் வடமும் சரியா என்று பாருங்கள். கட்டளை வரியைத் திறந்து வரிசையைப் படியுங்கள். சிக்கிய ஒன்றை மட்டும் நீக்குங்கள். அதுவும் முடியாதபோது, மற்றவர்களைக் கேட்ட பிறகு முழு வரிசையையும் வெறுமையாக்குங்கள். ஸ்பூலரை மறுபடி தொடக்க மறக்காதீர்கள். இந்தப் படிகளை ஒரு தாளில் எழுதி, கணினி அறையில் அச்சுப்பொறிக்கு அருகில் ஒட்டிவைத்தால், அடுத்து வரும் மாணவியருக்கும் உதவும். கையாலேயே எழுதலாம், அதற்கு அச்சுப்பொறி தேவையில்லை.